கடல் ஆணாக இருந்த ஊர்

எங்கள் கன்னியர் சபையிலிருந்து இத்தாலிக்கு என்னை அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலில் என் அப்பாவிடம், அய்யாவிடம்தான் சொன்னேன். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வலையை மடியில் போட்டு அறுந்த கண்ணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கடலுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. கை சும்மா இருக்கக் கூடாதென்று அக்கம்பக்கத்தாரின் வலையை வாங்கி வைத்துக்கொள்வார்.

"அங்கன உள்ள சனத்துக்கு ஏசுவத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியும்யா."

"வெள்ளைக்காரச் சாமியாருக வந்துதான நமக்கே வேதஞ் சொன்னாக. இப்ப நீ போயி அவுகளுக்குச் சொல்லப் போறியாக்கும்."

"அங்கன வயசானவுகதான்யா இருக்காக. மடத்துலயும் ஆளு இல்ல. வீடு வீடாப் போயிப் பாக்கணும். கோயிலுக்கு வர ஏலாதவுகளுக்கு நன்மை குடுக்கணும்."

"அப்ப வேதஞ் சொல்லப் போகல. பெரியபட்டினத்துப் பயலுக சவுதிக்குப் போற மாதிரி வேலைக்குப் போற."

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

அய்யா ஊசியை வலைக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு, "சரிதான் தாயி. பாஷைக்கு என்ன செய்வ?" என்றார்.

பாஷைக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரத்துப் பக்கம் பள்ளிக்கூடங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் போயிருந்தது. விசா வரும்வரை பாம்பனில் எங்கள் சபையின் மடத்தில் தங்கிப் படிக்கச் சொன்னார்கள். ஒரு செல்போன், காதுக்கு ஒரு வயர், அதற்குள் ஒரு பெண்ணின் குரல். அவள் சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மடத்துக்குள் சொல்ல வெட்கமாக இருந்ததால் காலையில் கடற்கரைக்குப் போய்விடுவேன். வடக்குப் பக்கத்துக் கடல் அந்த நேரத்தில் அலையே இல்லாமல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். தூரத்தில் புதுப் பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும். நான் தண்ணீரைப் பார்த்து, காலை வணக்கம், உங்கள் பெயர் என்ன, இந்த ரொட்டி என்ன விலை என்று கேட்டுக்கொண்டே நடப்பேன். கருவாடு காயப்போடும் பெண்கள், "சிஸ்டரு காலங்காத்தால யாரக் கூப்புட்டுச் சண்டை போடுறாக?" என்று தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள்.

சில இடங்களில் இத்தாலியன் எனக்குச் சுலபமாக இருந்தது. அதில் ஒரு சொல்லை அழுத்திக் 'கப்பெல்லோ' என்றால் தொப்பி. நடுவில் உள்ள எழுத்தை அழுத்தாமல் விட்டால் தலைமுடி. பாட்டு வேறு, பாடு வேறு என்று வளர்ந்தவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. என்னைத் தடுமாறவைத்தது வேறு. அந்தப் பாஷையில் எல்லாப் பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தது. கதவு பெண். பாலம் ஆண். கடல் என்ன என்று தேடிப் பார்த்தேன். ஆண்.

அன்று கரையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் கடலை அம்மா என்றுதான் சொல்வோம். கோபமாக இருக்கிறாள், இன்றைக்கு ஏதோ கொடுத்தாள் என்றுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அய்யாவிடம் இதைச் சொன்னேன்.

"கடலு ஆம்பளையா?" என்றார் அவர். "அப்ப எப்பிடி இத்தனை பேத்துக்குச் சோறு போடுது?"

அம்மா அடுப்படியில் இருந்தாள். கடல் பேச்சு வந்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் மடத்தில் சேர்ந்து பயிற்சியில் இருந்த காலத்தில் அவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. காற்று திடீரென்று திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். கூடப் போனவர்கள் வேறொரு படகில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை. நான் செய்தி கேட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது வீடு பேச்சை நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. அவன் பேச்சை நெருங்கி வரும் பேச்சையும் பேசியதில்லை.

விசா வந்தது. மழைக்காலத்தின் கடைசியில் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்த ஊர், இத்தாலியின் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல் இருந்தது. வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டு நிற்பது போல இருக்கும். தெருவுக்குப் பதில் படிக்கட்டுகள். மடத்தில் நான்கு சகோதரிகள், எல்லோரும் எனக்குத் தாய் வயதைத் தாண்டியவர்கள். வந்த முதல் வாரங்களில் பனி இறங்கி இறங்கிக் கடலை மறைத்துக்கொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கோயில் மணி கேட்கும், யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்கும், நாய் குரைப்பது கேட்கும். நாய் குரைப்பது மட்டும் புரியும்.

மற்ற எல்லாம் தண்ணீருக்கடியில் இருந்து கேட்பது போல இருந்தது. சின்ன வயதில் பாம்பன் கரையில் மூச்சைப் பிடித்து முங்கிக்கொண்டு மேலே பேசுகிறவர்களின் குரலைக் கேட்போம். குரல் இருக்கும், ராகம் இருக்கும், சொல் இருக்காது. சாப்பாட்டு மேசையில் சகோதரிகள் பேசிச் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களை இப்போது நினைத்தால் விழித்திருந்தது போலவே தோன்றவில்லை. யாரோ என் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனார்கள், நான் போனேன், அவ்வளவுதான். பூசையில் பாடும்போது மட்டும் பழைய ஆளாக இருந்தேன். ராகம் பிடிபட்டுவிட்டால் எந்தப் பாட்டையும் பாடிவிடுவேன். கோயிலுக்கு வந்த கிழவிகள் என் கையைப் பிடித்து ஏதோ சொல்வார்கள். "கிராட்சியே, கிராட்சியே" என்று நன்றி சொல்வேன்.

அந்த மாதங்களில் ஒரு கனவு அடிக்கடி வந்தது. தங்கச்சிமடத்தில் கரையில் எல்லோரும் நிற்கிறார்கள். அம்மா என்னைப் பார்த்துப் பேசுகிறாள், இத்தாலியனில் பேசுகிறாள், சரளமாக. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அம்மாவுக்குக் கோபமில்லை. மறுபடியும் மறுபடியும் பொறுமையாகச் சொல்கிறாள். விழித்துக்கொண்டதும் அவள் சொன்னதை ஞாபகப்படுத்திப் பார்ப்பேன், நாக்கில் வெறும் ஓசை மட்டும் மிச்சமிருக்கும்.

பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ரொட்டிக் கடையில் ஒன்று. குளிருக்கு ஒன்று. முழங்கால் வலிக்கு ஒன்று. மடத்துத் தலைமைச் சகோதரிக்கு முழங்கால் தேய்ந்து படி ஏற முடியாமல் போனதால் அவர் நன்மை கொடுக்கப் போய்க்கொண்டிருந்த வீடுகளை என்னிடம் விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் போக வேண்டும். எந்தெந்த வீடு என்று ஜன்னலருகே நின்று கையை நீட்டிக் காட்டினார். ஒரு படிக்கட்டுச் சந்தில் பச்சைக் கதவு போட்ட வீட்டைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். தலையை ஆட்டினேன். அந்த வீட்டை விட்டுவிடு, அங்கே போகாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். அது எனக்கு வெகு நாட்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே போனேன். நன்மை என்று ஆண்டவரின் உடலாக நாங்கள் கொடுக்கும் அப்பத்தை நற்கருணைச் சிமிழில் எடுத்து, அதைச் சின்ன உறையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சால்வையை மேலே போர்த்திக்கொண்டு பச்சைக் கதவைத் தட்டினேன். ஒரு வயதான அம்மாள் திறந்தார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு, கறுப்பு உடை. என் முகத்தைப் பார்த்தார், சால்வைக்குள் கை வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். வாசலை மறித்து நின்றபடி மெதுவாக, தெளிவாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"சுவோரா, நீங்கள் வேண்டுமானால் உள்ளே வாருங்கள். அவரை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்."

சுவோரா என்றால் சகோதரி. அதற்கடுத்து அன்று எனக்குப் புரிந்தது 'உள்ளே வாருங்கள்' மட்டும்தான். மலர்ந்த முகத்தோடு அவரைக் கடந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆண்டவர் என் கழுத்தில் இருந்தார்.

அந்த அம்மாள் வாசலிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்குப் புரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு அடுப்பில் காப்பி வைத்தார். நான் சிமிழை வெளியே எடுத்தேன். அவர் இல்லை என்று விரலை ஆட்டினார். அந்த விரல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான். மறுபடி உள்ளே வைத்தேன். இருவரும் பேசாமல் காப்பி குடித்தோம். சுவரில் ஓர் இளைஞனின் படம் இருந்தது, படகின் முன்புறத்தில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தான். அறைக்குள் வெயில் மிக மெதுவாகத் தரையைக் கடந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு வீட்டில் அத்தனை நிம்மதியாக நான் உட்கார்ந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது வாசலில் நின்று மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. போகிறேன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் கரையில் யாரும் வாசலில் நின்று போறேன் என்று சொல்ல மாட்டோம். சொன்னால் வாயில் அடிப்பார்கள். ஆகவே தெரிந்த இரண்டு சொற்களைச் சேர்த்து, போயிட்டு வாரேன் என்பதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன். "வாதோ எ வெங்கோ."

அந்த அம்மாள் சற்றுத் திடுக்கிட்டது போல இருந்தது. பிறகு தலையை அசைத்தார். நான் மடத்துக்கு வந்து துணி துவைக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ரொட்டிக் கடையில் ஒரு பெண் என் சால்வையைப் பிடித்து நிறுத்தினாள். பச்சைக் கதவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. வேகவேகமாகத் திட்டினாள். கதவு, திறந்து, குளிர் என்ற மூன்று சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டுக் கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டினார். ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கதவைத் திறந்துவைத்திருக்கிறாள், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளிச்சம் போகும்வரை.

அவர்கள் பாஷையில் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால், இதோ ஒரு நொடியில் திரும்பிவிடுகிறேன் என்று அர்த்தம். எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறவர்கள் சொல்வது. அவர் நம்பிக் காத்திருந்திருக்கிறார்.

ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன். பச்சைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். மன்னிப்பு என்ற சொல் தெரியும், அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு எனக்கு இருந்த கொஞ்சம் இத்தாலியனையும் கைகளையும் வைத்து விளக்கினேன். என் ஊர். கடல். படகு. போறேன் என்று சொல்லக் கூடாது. போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டும்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"என் மகனும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனான்," என்றார். எனக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "குளிர்காலம். மீன்பிடிப் படகு. படகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை."

பிறகு என் பக்கம் திரும்பி, "உன் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "என் அண்ணன்," என்றேன். "கடல். இல்லை."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இத்தாலியன். தமிழில் இதைச் சொல்ல எனக்கு எத்தனையோ சொற்கள் இருந்தன. ஆறுதல் சொல்லப் போகிற இடங்களில் மற்றவர்களின் சாவுக்கு அந்தச் சொற்களையெல்லாம் செலவழித்திருக்கிறேன். என் அண்ணன் செத்துப்போனான் என்பதை ஓர் ஆளிடம்கூடச் சொன்னதில்லை. முதல்முதலாக அதைச் சொன்னது எனக்குப் பாதிகூடத் தெரியாத ஒரு பாஷையில். சொன்ன பிறகு அழுதேன். அந்த அம்மாள் எழுந்து வந்து என் தலையில் கை வைக்கவெல்லாம் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தார். காப்பி கொதித்து மேலே வரும் சத்தம் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். அவர் அண்ணனைப் பற்றிக் கேட்பார். எப்படி இருப்பான்? உயரமா? எனக்குச் சொல் தெரியாது. தோளை அகட்டிக் காட்டுவேன். அவர் சொல்லைச் சொல்வார். விசிலடித்துக் காட்டுவேன். அவர் அதற்குச் சொல் சொல்வார். பதிலுக்கு அவர் மகனைப் பற்றிச் சொல்வார், பிடிவாதக்காரன், தக்காளி பிடிக்காது, குளிரில்கூடச் சட்டை போட மாட்டான். வெளிநாட்டவர்களுக்காகக் கோயில் கூடத்தில் ஒரு வகுப்பு நடந்தது, அதற்கும் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஆசிரியை ஒரு காலத்தைச் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு பட்டார். நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வதற்கு ஒரு வடிவம், முன்பெல்லாம் வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்வதற்கு வேறொரு வடிவம். எனக்கு மண்டையில் ஏறவில்லை. பச்சைக் கதவு வீட்டில் ஏறியது. ரிதேவா: சிரிப்பான். கந்தாவா: பாடுவான்.

அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். இல்லாமல் போனவர்களைப் பற்றி நாம் தமிழில் சொல்லும்போது, காலையில் எழுந்திருப்பான், விசிலடித்துக்கொண்டே போவான் என்கிறோம். நாளைக்கு வருவான் என்று சொல்வதற்கும் அதே வடிவம்தான். இத்தனை வருடம் அதே பாஷையில் பேசியிருக்கிறேன், இது காதில் விழுந்ததே இல்லை. அதை அந்த அம்மாளிடம் விளக்க முயன்றேன். என் இத்தாலியன் தடுமாறியது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, "நல்ல பாஷை," என்றார்.

ஒருநாள் நேராகவே கேட்டார். "அவர்மேல் உனக்குக் கோபம் இல்லையா?" என் கழுத்தில் இருந்த உறையைக் காட்டிக் கேட்டார்.

மடத்தில் சேர்ந்த ஒருத்தி சொல்ல வேண்டிய பதில்கள் எனக்குத் தமிழில் தெரியும். இத்தாலியனில் அவை தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "கோபம், ஆமாம். இன்னும். ஆனால் நான் இருப்பது அவருடைய வீட்டில்."

அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். அடுத்த வாரம் நான் கதவைத் தட்டியதும் திறந்து, ஒதுங்கி நின்று, "இரண்டு பேரும் வாருங்கள்," என்றார். அதிலிருந்து எப்போதும் அப்படித்தான் சொன்னார். நன்மை வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. தலைமைச் சகோதரி மட்டும் அவ்வப்போது, "அந்தப் பெண்மணி ஆண்டவரிடம் திரும்பி வந்துவிட்டாளா?" என்று விசாரிப்பார். "எங்கள் இருவருக்கும் காப்பி கொடுக்கிறார்," என்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது போதும்," என்பார்.

வசந்தம் வந்து பனி விலகியது. ஒரு மதியம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் செல்போன் அடித்தது. அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். எங்கள் ஊரில் அப்போது அந்தி, அம்மாவின் முகத்துக்குப் பின்னால் வேப்பமரம் கருத்துக்கொண்டிருந்தது. நான் பிறகு பேசுவதாகச் சொல்லி வைக்கப்போனேன். அந்த அம்மாள் கையை நீட்டினார். "உன் அம்மாவா? காட்டு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு இந்த அம்மா?" என்றாள் அம்மா.

"இங்கன பக்கத்துல இருக்கவுகம்மா. வாரவாரம் வந்து பாப்பேன்."

"தனியாவா இருக்காக? பிள்ளைக எத்தனன்னு கேளு."

கேட்டேன். அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மகன்மா. கடல்ல போயிட்டாரு."

அம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. செல்போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"எனக்குந்தான்னு சொல்லு," என்றாள்.

சொன்னேன்.

"உடம்பு கெடைச்சுச்சான்னு கேளு."

"அம்மா, அதெல்லாம் எதுக்கு..."

"கேளு தாயி."

அந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, உன் அம்மா என்ன கேட்கிறாள் என்றார். கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அதை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"எங்களுக்கும் இல்ல," என்றாள் அம்மா. "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கிட்டுப் போறாக. நா எங்கன போறது? கோயில் வாசல்ல நின்னுட்டு வந்துருவேன். இவுக எங்கன போறாகன்னு கேளு."

அவர், அந்த நாளில் வீட்டு ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்றார். இப்படி அவர்கள் பேசினார்கள். கேள்வியை இங்கிருந்து அங்கும் பதிலை அங்கிருந்து இங்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். எந்தச் சொல் யாருடையது என்பதே மறந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அம்மாவிடம் இத்தாலியனிலும் அந்த அம்மாளிடம் தமிழிலும் சொல்லிவிட்டேன். இருவரும் புரிந்தது போலத்தான் தலையாட்டினார்கள். வெயில் மேசைமேல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர்களுடைய கடல் நீலமாக, எதுவுமே நடக்காதது போலக் கிடந்தது. நான் தூங்கிக்கொண்டே பேசுகிறேனோ என்று தோன்றியது. செல்போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் காப்பிக் கோப்பைகளைக் கழுவினேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவரவர் பாஷையில்.

அதன் பிறகு அது அவர்களுடைய காரியமாகிவிட்டது. ரொட்டிக் கடையில் என்னைத் திட்டிய பக்கத்து வீட்டுக்காரி நான் அந்த அம்மாளிடம் எழுதிக் கொடுத்திருந்த எங்கள் வீட்டு எண்ணைத் தன் செல்போனில் போட்டுக்கொடுத்திருக்கிறாள். நான் வகுப்பில் இருக்கும் நேரங்களில்கூடப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டால், "நகரை மீன் காட்டுனேன். அவுக ஏதோ முள்ளு முள்ளாக் காயி ஒண்ணு காட்டுனாக," என்பாள்.

இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போக இன்னும் நாள் இருக்கிறது. அங்கே அந்த அம்மாள் நலமாக இருக்கிறார். கோயிலுக்கு இன்னும் வரவில்லை. நான் கிளம்புவதற்கு முன்னால் வந்த கல்லறைத் திருநாளன்று மட்டும் ஜன்னல் கதவுகளைச் சாத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் மெல்ல இறங்கித் துறைமுகம் வரை வந்தார். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் படகுகளைப் பார்த்தார். எனக்கு ஒரு செபம் சொல்ல வேண்டும் போல இருந்தது. தமிழிலேயே சொன்னேன். முடிந்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். வீடு திரும்பும்போது முழங்கால் வலிக்கிறது என்றார்.

நேற்றுக் காலை அம்மாவோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். நாட்டுப்படகுகள் வருவதற்காக மீன் வாங்கும் பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்ட ஈரவாசம் காற்றில் வந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமலே அம்மா அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒங்க அண்ணன் இருக்கான்ல, அவனுக்கு இடின்னா பயம். ஒனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இடி இடிச்சா நைசா வந்து எம்பக்கத்துல உக்காந்துக்கிருவான். பயந்து வந்தவன் மாதிரியே இருக்காது. பசிக்குதும்மாம்பான். அப்பத்தான் தின்னுருப்பான். நானும் தெரியாத மாதிரி தட்டுல சோத்தப் போடுவேன்."

"தெரியாதும்மா," என்றேன்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நா சொன்னாத்தான."

இன்னும் சொன்னாள். அவன் சட்டையில் பொத்தான் தங்காது என்றாள். சின்ன வயதில் பூசையில் மணியடிக்க விடவில்லை என்று சாமியாரோடு கோபித்துக்கொண்டு தென்னந்தோப்பில் போய் ஒளிந்துகொண்டான் என்றாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மனதுக்குள் இத்தாலியன் சொல் ஒன்று தானாக வந்து பக்கத்தில் நின்றது.

"அவுக பாஷையில மகனுக்கு என்ன சொல்லுவாக?" என்று கேட்டாள் அம்மா.

"ஃபீல்யோ."

"பீலியோ," என்றாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "நம்ம பிள்ளைங்கிற மாதிரித்தான் இருக்கு."

முதல் படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் எழுந்தார்கள். அம்மா சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு வலையில் என்ன பாடு என்று பார்க்கத் தண்ணீரை நோக்கி நடந்தாள்.